பூ ஆகாத தாத்தா

“அங்கிள், இந்தத் தழும்ப வைக்கவா, எடுத்துடவா?”

கேட்டவள் கிள்ளானில் டி-சட்டையில் படம் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு கடையின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண். திரையில் இருந்தவர் என் கொள்ளுத்தாத்தா வீராசாமி. தலைப்பாகை, முறுக்கு மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, உலகத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டது போல ஒரு பார்வை.

எங்கள் குடும்ப தின விழாவுக்கு அறுபது டி-சட்டைகள் வேண்டியிருந்தன. எல்லார் நெஞ்சிலும் தாத்தா முகம் இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகியிருந்தது. கைப்பேசியில் எடுத்த படத்தில் கண்ணாடி பளபளத்தது. அதனால் பாக்கியம் அத்தை கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுச் சுவரிலிருந்து அசல் படத்தையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரப் பெண் சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தாள். நாற்பது வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அந்தக் கண்ணாடியோடு போயின. தாத்தாவின் நெற்றியை அன்றுதான் நான் வெறுமையாகப் பார்க்கிறேன்.

“என்ன தழும்பும்மா?”

“நெத்தி நடுவுல அங்கிள். பிறை மாதிரி.” படத்தைப் பெரிதாக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். “அங்கிள், விளையாடுறீங்களா லா? இது நீங்கதானே? வேஷம் போட்டு எடுத்ததா?”

நான் என் நெற்றியைத் தடவினேன். பிறை அங்கேயேதான் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு ரம்புத்தான் பழ மரத்திலிருந்து விழுந்து சம்பாதித்தது.

மூக்கு பரம்பரையாக வரும். வழுக்கை கட்டாயம் வரும். ஆனால் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்த தழும்பு கொள்ளுப்பேரனிடமிருந்து கொள்ளுத்தாத்தாவுக்குப் போன கதையை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆளுக்கொரு வீராசாமி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு வீராசாமி புதியவர் அல்ல. நடுவில் ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன். அவரைப் பற்றி எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கப்பலில் வந்தார், ரயில் பாதை வேலை செய்தார், ஜப்பான்காரன் போன பிறகு ஒருநாள் கண்ணை மூடினார். இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மர்மம்.

அந்த மர்மத்தைத் துலக்குகிறேன் பேர்வழி என்று சொந்தக்காரர் வீடு வீடாகப் போனேன். போன இடமெல்லாம் முறுக்கும் தேநீரும் கொடுத்தார்கள். தகவலைவிட எடைதான் அதிகம் சேர்ந்தது.

கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்யும் தேவா அண்ணன், என் பெரியப்பா மகன், அடித்துச் சொன்னார்: “தாத்தா அந்தக் காலத்துலேயே டிரான்ஸ்போர்ட்டுடா. மாட்டுவண்டி ஓட்டியிருக்காரு, வரிசையா.”

செராஸில் இருக்கும் ஒரு சித்தப்பா மகன் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவன். “அவரு ரயில்வே ஆளு இல்லண்ணே. போலீஸ். சொல்லிக்கக் கூடாத டிபார்ட்மெண்ட்,” என்று குரலைத் தாழ்த்தினான். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

பல் டாக்டராக இருக்கும் மருமகள் ஒருத்தி, தாத்தா தோட்டத்து ஆட்களுக்குப் பல் பிடுங்கியவர் என்றாள். என் சொந்த அக்கா, சுங்கை வேயில் வாழ்க்கைப்பட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர், தாத்தா கோயில் கட்டக் கல் சுமந்தவர் என்று கண் கலங்கினார்.

நான் மட்டும் யோக்கியனா? வீராசாமி தாத்தா வேலை முடிந்த சாயங்காலங்களில் தொழிலாளர்களை உட்கார வைத்துச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார் என்று இதே பத்திரிகையில் ஒரு வாரம் எழுதினேன். வாசகர்கள் உருகிப்போனார்கள். அந்தத் தகவலை எனக்குக் கொடுத்தவன் நான்தான்.

இத்தனை வீராசாமிகளையும் ஓர் ஆளாகக் கட்டிப்போட்டு வைத்திருந்தது சுவரில் தொங்கிய அந்த ஒரு படம்.

மாலை போடாத படம்

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது இருபத்திரண்டு வயதில். இரண்டு வருஷம் சபாவில் தவாவ் பக்கம் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறைச் சுவரில் ஒரு பெரியவர். போர்ட் கிள்ளானில் ஒரு பழைய சிநேகிதர் வீட்டில் கிடைத்ததாக அப்பா சொன்னார். “அப்படியே உன் ஜாடை,” என்றார் அம்மா. நான் கண்ணாடி முன் நின்று வாய்க்கு மேல் விரலை மீசையாக வைத்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றிலிருந்து குடும்பத்தில் என் மார்க்கெட் ஏறியது. கல்யாண வீட்டில் தேங்காய் உடைக்க என்னைக் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு முன்னால் முன்னோர்களுக்குப் போடும் படையலில், சாமி சாப்பிட்டு முடித்ததும் ஆட்டு ஈரல் என் இலைக்கு வரும். “தாத்தாவே சாப்பிட்ட மாதிரி,” என்பார்கள். நானும் தாத்தாவுக்காகச் சாப்பிட்டேன்.

அந்தப் படத்துக்கு ஒரு வினோதமான வழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் செத்துப்போன பெரியவர் படத்துக்கு மாலை போடுவார்கள். எங்கள் வீட்டில் கூடாது. என் அப்பாவின் கடைசித் தங்கை பாக்கியம் அத்தை, அப்போது எங்களோடுதான் இருந்தார், விடவே மாட்டார்.

“பூ ஆகாது,” என்பார். அவ்வளவுதான். நெற்றியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டை மட்டும் தினமும் அவரே வைப்பார்.

தாத்தாவுக்குப் பூ வாசம் ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். பிறகு குடும்பத்தில் மல்லிகைப் பூவுக்குத் தும்முகிறவர்களுக்கெல்லாம் ஒரு தனி அந்தஸ்து வந்துவிட்டது. “பாரு, தாத்தா ரத்தம்,” என்பார்கள். தும்மாத மருமகன்கள் ஒரு படி கீழேதான்.

அப்பா காலமான பிறகு படம் அத்தையின் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்குப் போனது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு படையல் அன்று தேவா அண்ணன், “மூத்தவர் வாரிசு நான். படம் கிள்ளானுக்கு வரட்டும்,” என்றார். அத்தை கொடுக்கவில்லை. “தாத்தா என்ன உங்க வீட்டு ஆளு மட்டுமா?” என்று அண்ணன் கத்திவிட்டு, சாப்பிடாமல் போனார். போகிற போக்கில் கைப்பேசியில் படத்தை ஒரு கிளிக். அடுத்த வாரமே அவர் வீட்டில் ஆளுயரத்துக்கு ஒரு வீராசாமி, தங்க நிறச் சட்டத்தில், சுற்றிலும் மினுக்கு விளக்கு, கழுத்தில் முழங்காலைத் தொடும் மாலை. வெள்ளிக்கிழமைதோறும் புது மாலை. அதை வாட்ஸ்அப்பில் வேறு போடுவார்.

ஏழெட்டு வருஷமாக அண்ணன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பேச்சு இல்லை. இந்தக் குடும்ப தினம், அக்கா மூலமாகத் தூது போய், கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்தது. தேவா அண்ணன் வருவதாக ஒப்புக்கொண்டது டி-சட்டையில் தாத்தா படம் என்று சொன்னதால்தான்.

கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் இரண்டு குடும்பங்களும் இத்தனை வருஷம் அடித்துக்கொண்டது என் மூஞ்சிக்காகவா? அதற்கு இவ்வளவு மரியாதை இருப்பது தெரிந்திருந்தால் கொஞ்சம் நன்றாகச் சவரம் செய்துகொண்டிருப்பேனே.

“தழும்ப எடுத்திடும்மா,” என்று கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சன்னல் பக்கம் போட்ட இலை

நான் படத்தோடு பிரிக்பீல்ட்ஸ் போனபோது அத்தை மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடியோடு, சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே ரயில் போகிற சத்தத்துக்கு அலமாரித் தம்ளர்கள் லேசாக முனகின.

“எடுத்துட்டுப் போனியா?”

“ஆமா அத்தை.”

“கண்ணாடிய தொடச்சியா?”

“கழட்டிட்டோம்.”

அத்தை ஆணியிலிருந்து முகத்தைத் திருப்பினார். “அப்ப பாத்துட்டே.”

“அது யாரு அத்தை?”

“நீதான். வேற யாரு?” என்றார், சந்தையில் என்ன மீன் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி.

பிறகு சொன்னார். நான் தவாவில் மரம் எண்ணிக்கொண்டிருந்தபோது அக்காவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னறையைச் சுற்றிப் பார்த்தாராம். சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் மட்டும் இருந்தது. “ஏங்க, பெரியவங்க படம் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டுவிட்டார். எங்கப்பா அசரவில்லை. “ஃபிரேம் மாத்தக் குடுத்திருக்கோம்,” என்றார்.

“சொல்லிட்டாரு. அடுத்த வாரம் நிச்சயம். படத்துக்கு எங்க போறது? தாத்தா ஒரு நாளும் படம் புடிச்சிக்கிட்டது இல்ல. ஸ்டூடியோவுல படம் வரையற ஆளு ஒருத்தன் இருந்தான். குடும்பத்து ஆம்பிளை யாராச்சும் ஒருத்தர் படம் குடுங்க, வயசாக்கித் தரேன்னான். உன் வேலை மனுவுக்கு எடுத்த படம் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.”

“தழும்பையாச்சும் எடுக்கச் சொல்லியிருக்கலாமே அத்தை?”

“சொன்னோமே. ‘வீரமா இருக்குண்ணே, இருந்துட்டுப் போகட்டும்’னு விட்டுட்டான். அதுக்குத்தான் பொட்டு.”

நான் நாற்காலியில் சாய்ந்தேன். “உசுரோட இருக்கறப்பவே என்னைச் சாமியாக்கிட்டீங்களே.”

அத்தைக்குக் கோபம் வந்தது. “யாரு ஆக்குனா? ஒரு நாள் ஒரு பூ வெச்சிருப்பேனா? விளக்கு ஏத்துறது பக்கத்துல இருக்கிற முருகருக்கு. படையல் இலை கூட படத்துக்கு நேரா போட்டதில்ல. தள்ளி, சன்னல் பக்கமாத்தான் போடுவேன். தாத்தா எங்க இருந்தாலும் வந்து சாப்பிட்டுப் போகட்டும்னு.”

“அப்ப பூ ஆகாதுன்னு சொன்னது?”

“உனக்கு ஆகாதுன்னு சொன்னேன். உசுரோட இருக்கிறவன் படத்துக்கு மாலை ஆகுமா?”

சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கண் மருந்தினால் வந்த நீரா வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

“கிள்ளான்ல அவன் மாலை போட்ட படத்தை உன் பொண்டாட்டிதான் ஃபோன்ல காட்டினா. கையில இருந்த தம்ளர் கீழ விழுந்துச்சு. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் கெடையாது.”

தேவா அண்ணன் மாலை போட ஆரம்பித்த பிறகு எனக்கு நேர்ந்ததையெல்லாம் அத்தை வரிசையாகச் சொன்னார். குடலிறக்க அறுவை சிகிச்சை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு கால்வாய்க்குள் இறங்கியது. என் தலைமுடி கொட்டியது. முடி அதற்கு முந்திய பத்து வருஷமாகவே கொட்டிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அவர் தினமும் காலையில் எனக்குப் போன் போட்டு, “எந்திரிச்சிட்டியா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுவார். தாத்தா ஜாடை என்பதால் என் மேல் தனிப் பாசம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் எழுந்தேனா என்பதை அவர் வெறும் அன்பினால் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழெட்டு வருஷம். ஒரு நாள் விடாமல்.

“தேவா அண்ணன்கிட்ட உண்மைய சொல்லிட்டா மாலைய எடுத்துடுவாரே அத்தை?”

“எப்படிடா சொல்லுவேன்? பெரியண்ணன், அவங்கப்பா, இந்தப் படத்தைப் பாத்து ‘இதே கண்ணுதான்’னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாரு. சாகற வரைக்கும் வந்தப்பல்லாம் இது முன்னாடி நின்னு கும்பிட்டாரு. அவர் மவன்கிட்ட போயி, உங்கப்பா கும்பிட்டது உன் தம்பியத்தாண்டான்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் இந்த ஜென்மத்துக்கு நம்ம வாசப்படி மிதிப்பானா?”

நான் கையிலிருந்த படத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“கண்ணு மங்கிட்டே வருது சந்திரா. நான் இருக்கறப்பவே அந்த மாலை எறங்கணும். அவனும் வரணும். நீ எழுதறவன்தானே, ஒரு வழி சொல்லு.”

முப்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. பேச்சை மாற்றினேன். “நெஜ தாத்தா எப்படி இருப்பாரு? நீங்க பாத்திருக்கீங்கள்ல?”

“பாத்திருக்கேன். மூஞ்சி தெரியாது.”

அத்தை சிறுமியாக இருந்தபோது தாத்தா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் பாதை ஓரமாக நடப்பாராம். கட்டைகளுக்குப் பூசிய கீல் வாசமும் நல்லெண்ணெய் வாசமும் அந்தத் தலையில் அடிக்கும். விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொள்வார். ரயில் வந்தால் தாத்தா நிற்பார். போனதும் நடப்பார். பேச மாட்டார்.

“மேலேருந்து பாத்தா மண்டைதானே தெரியும். எறக்கி விட்டதும் நான் ஓடிடுவேன். நடு மண்டையில ரெண்டு சுழி, பக்கத்துல பக்கத்துல. அது மேல கன்னத்த வெச்சித் தூங்கிடுவேன்.”

ஆறு மாதம் அலைந்து நான் சேர்த்ததில் வீராசாமியைப் பற்றிய ஒரே உண்மைத் தகவல், ஓர் உச்சந்தலை.

அறுபது நெஞ்சில் நான்

குடும்ப தினம் தெலுக் பங்லிமா காராங்கில், தேவா அண்ணனின் லோரி நிறுத்தும் இடத்தில் நடந்தது. லோரிகளை ஓரம் கட்டி நடுவில் கூடாரம் போட்டிருந்தார். தொழிற்சாலைப் புகைக்கும் ஆட்டிறைச்சிக் குழம்புக்கும் நடுவில் அறுபது வீராசாமிகள் சிரித்துக்கொண்டும் தட்டு தூக்கிக்கொண்டும் திரிந்தார்கள். ஒல்லியான மருமகளின் நெஞ்சில் நான் நோயாளி மாதிரி இருந்தேன். தேவா அண்ணனின் வயிற்றில் நல்ல செழிப்பாக இருந்தேன்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் நேர் எதிரே மேசைமேல் அந்த ஆளுயரப் படம். அன்றைக்கென்று ஸ்பெஷலாகக் கட்டிய ரோஜா மாலை. என் கையைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் இறுகின. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் அந்தச் சிவப்பு தெரிந்துவிட்டது.

தேவா அண்ணன் எங்களைப் பார்த்தார். “வாடா,” என்றார் என்னிடம். அத்தையிடம் நேராகச் சொல்லாமல், காற்றைப் பார்த்து, “பெரியவங்களுக்கு நாற்காலி போடுங்கப்பா,” என்றார். போட்டார்கள். எல்லாரும் வந்து அத்தை காலைத் தொட்டார்கள். அண்ணன் மட்டும் குழம்புச் சட்டியில் உப்பு பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு உப்புதான் பார்ப்பது?

“தேவா,” என்று அத்தை கூப்பிட்டார். “இங்க வா.”

கரண்டியோடு வந்தார். அவர் மனைவி சரோஜா அண்ணி அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“குனி.”

“எதுக்கு?”

“குனிடா. உங்கப்பன் மாதிரியே கேள்வி.”

அவர் சுற்றிலும் பார்த்தார். அறுபது வீராசாமிகளும் அவரைப் பார்த்தார்கள். மெல்ல முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அத்தை இரண்டு கையையும் அவர் தலையில் வைத்து, முடியை விலக்கித் துழாவினார்.

“இருக்கு,” என்றார் அத்தை.

“என்ன இருக்கு?”

“ரெட்டைச் சுழி. எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு. தோள்ல உக்காந்து நான் பாத்ததே அதைத்தான். இந்தக் குடும்பத்துல வேற யாருக்கும் இல்ல, எல்லார் தலையும் தடவிப் பாத்துட்டேன். ஊரெல்லாம் மூஞ்சியில தேடுதுங்க. அவரு உன் மண்டையில உக்காந்திருக்காரு.”

தேவா அண்ணன் குனிந்தபடியே இருந்தார். அவர் முதுகு ஒருமாதிரி ஏறி இறங்கியது. பிறகு, தரையைப் பார்த்தவாறே, “சந்திரா, நீ பாரு. நெஜமா ரெண்டா?” என்றார்.

(இந்த இடத்தில் ஒரு விஷயம். தேவா அண்ணன் தமிழ் வாசிக்க மாட்டார். சரோஜா அண்ணிதான் இந்தத் தொடரை அவருக்கு வாராவாரம் வாசித்துக் காட்டுகிறார். எங்கே பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியும். படத்தின் கதை முழுவதையும் அண்ணியிடம் சொல்லி, அத்தையிடமும் சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.)

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கறுப்புச் சாயத்துக்கு அடியில் வேர் எல்லாம் வெள்ளை. நட்ட நடுவில் ஒரே ஒரு சுழி, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அதன் பக்கத்தில், சுழியே இல்லாத ஓர் இடத்தில், அத்தையின் ஆள்காட்டி விரல் அழுத்தமாக நின்றுகொண்டிருந்தது. அத்தை கறுப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“ரெண்டுதாண்ணே,” என்றேன். “பக்கத்துல பக்கத்துல.”

அண்ணன் நிமிர்ந்தார். டி-சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது என் நெற்றியில்தான்.

“அத்தை,” என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி ஏழெட்டு வருஷம் இருக்கும். “தாத்தாவுக்கு நெஜமாவே பூ ஆகாதா?”

“ஆகாதுப்பா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னேன். நீ எங்க நின்னு கேட்ட?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த ரோஜா மாலையைத் தூக்கி எடுத்தார். எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற லோரியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். மினுக்கு விளக்கின் வயரையும் பிடுங்கிவிட்டார். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அவராகச் செய்தார்.

அண்ணன் நிமிர்ந்ததும் அத்தை மறுபடி என் கையைப் பிடித்திருந்தார்; அந்தப் பிடி அப்போதுதான் தளர்ந்தது. விரல் பதிந்த இடத்தில் நான்கு சிவப்புக் கோடுகள்.

“பசிக்குதுடா,” என்றார் அத்தை. “தேவாவப் போடச் சொல்லு.”